சனிக்கிழமை காலை 8 மணிக்கு வெளியிட முடியுமா?

பெட்டியை ஒளித்து வைப்பது சுலபம். அதை எந்த நாளில், எத்தனை மணிக்கு உலகத்துக்குச் சொல்வது என்பதில்தான் வேலை இருக்கிறது. ஜியோகேச்சிங் என்ற விளையாட்டில் நம்மவர்கள் பலர் கால் வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

விளையாட்டைக் கேள்விப்படாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். தண்ணீர் புகாத ஒரு பெட்டி. உள்ளே கையெழுத்துப் போட ஒரு குறிப்பேடு. சில பெட்டிகளில் சிறுவர்கள் மாற்றி எடுத்துக்கொள்ளச் சின்னச் சின்னப் பொருள்களும் இருக்கும். அதை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் பதிகிறார்கள். கைப்பேசியோடு தேடிப் போகிறவர் கண்டுபிடித்தால் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது, பாராட்டு விழா கிடையாது. இருந்தும் உலகம் முழுக்க இப்படி 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் மரப்பொந்துகளிலும் பாலத்தடிகளிலும் காத்திருக்கின்றன.

இது பிறந்த கதையே ஒரு நேரக்கணக்குதான். அமெரிக்க இராணுவம் ஜி.பி.எஸ். சமிக்ஞையைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கித் தந்துகொண்டிருந்த காலம் அது. சாதாரணக் கருவி நூறு மீட்டர் வரை பிசகிக் காட்டும். அந்தக் கட்டுப்பாட்டை நீக்குவதாக 2000-ஆம் ஆண்டு மே 1-ஆம் தேதி அதிபர் பில் கிளிண்டன் அறிவித்தார். வாஷிங்டனில் அன்று நள்ளிரவு. நம் மலேசியக் கடிகாரத்தில் மே 2, நண்பகல். அந்த நேரத்தில் உலகிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரே அடியில் கண் தெளிந்தது. மறுநாள் மே 3-ஆம் தேதி, ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் புத்தகம், உண்டிவில், ஒரு டின் அவரை என்று எதையெதையோ போட்டுக் காட்டோரம் வைத்துவிட்டு, எண்களை இணையக் குழு ஒன்றில் எழுதினார். சில நாள்களிலேயே தேடிப் போனவர்கள் கண்டெடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி ஜெரமி ஐரிஷ் இதற்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியபோது அதில் இருந்த பெட்டிகள் வெறும் 75.

உல்மர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வைத்தார், எழுதினார், முடிந்தது. இன்று அப்படி முடியாது. நாம் பதிகிற பெட்டி முதலில் ஒரு சரிபார்ப்பாளரின் கைக்குப் போகிறது. அவர் சம்பளம் வாங்குகிறவர் அல்ல. நம்மைப்போல் விளையாடி அனுபவப்பட்ட ஒரு தன்னார்வலர். பகலில் தன் பிழைப்பைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணினியின் முன் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஊர்களின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். நேரில் வந்து பார்க்க மாட்டார். அருகில் வேறு பெட்டி இருக்கிறதா (இரண்டுக்கும் இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும்), பள்ளிக்கூடமோ ரயில் நிலமோ பக்கத்தில் வருகிறதா, நிலத்துக்காரர் சம்மதித்தாரா, மண்ணைத் தோண்டிப் புதைத்திருக்கிறதா என்பதையெல்லாம் பார்ப்பார். நிலத்துக்காரரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பது விதி. சந்தேகம் இருந்தால் கேள்வி கேட்பார். நாம் பதில் எழுத வேண்டும். முதல் பதில் வரவே ஏழு நாள் வரை ஆகலாம் என்று தளமே சொல்கிறது.

வானொலியில் வேலை பார்க்கும் எனக்கு இந்த ஏழு நாள் விதியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எங்களுக்கு இது தினசரிச் சங்கதி. ‘7.15க்கு என் அக்கா மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லுங்க, அவளுக்குப் பிடிச்ச பாட்டும் போடுங்க’ என்று 7.10க்குப் புலனத்தில் செய்தி வரும். அந்த ஐந்து நிமிடத்தில் பாட்டைத் தேட வேண்டும், பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழக வேண்டும், நடுவில் விளம்பரம் ஓட வேண்டும். முந்தின வாரமே எழுதி அனுப்பியவரின் வாழ்த்து, குறித்த நேரத்தில் அழகாகப் போய்ச் சேரும். பெட்டி விஷயத்திலும் அப்படித்தான். சரிபார்ப்பாளரிடம் தேதி கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை. உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். சந்திப்பு நடத்துகிறவர்கள், ‘எங்கள் கூட்டம் தொடங்கும் வேளையில் இந்தப் பெட்டிகளைத் திறந்துவிடுங்கள்’ என்று கேட்பது சகஜம். ஆனால் அவர் வாக்குக் கொடுக்க முடியாது. அவர் வீட்டிலும் காய்ச்சல் வரும், கல்யாணம் வரும்.

நேரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. பெட்டி வெளியான அந்த நொடியே, சுற்றுவட்டாரத்தில் அறிவிப்புக் கேட்டு வைத்திருக்கும் கட்டண உறுப்பினர்களின் கைப்பேசிகளுக்குத் தகவல் போய்விடும். முதலில் கண்டுபிடிக்கிறவருக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான்: வெற்றுக் குறிப்பேட்டின் முதல் வரி. அந்த முதல் வரிக்காக, சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் கை கழுவாமல் எழுந்து ஓடுகிறார். தளம் இந்தப் போட்டியை அங்கீகரிக்கவில்லை. அதற்கென்று பட்டமும் தரவில்லை. மனிதர்கள் ஓடுவது மட்டும் நிற்கவில்லை.

இப்போது இதை நம் ஊருக்குக் கொண்டு வாருங்கள். இரவு 10.30 மணிக்கு ஒரு பெட்டி வெளியாகிறது. இடம் செம்பனைத் தோட்டத்தின் ஓரம். டார்ச்சோடு ஒரு பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்குகிறான். எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். செம்பனைக்கும் எலிக்கும் உள்ள உறவு தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். பாம்பாவது ஒதுங்கிப் போகும். குலை திருட்டால் நொந்துபோன தோட்டத்து ஜாகாவுக்கு, அந்த வேளையில் மரத்தடியில் குனிந்து துழாவும் உருவம் யாராகத் தெரியும்? ‘அண்ணே, நான் ஒரு பெட்டியைத் தேடுறேன்’ என்று அவன் சொன்னால் நம்புவாரா? நம் பையன்களை அந்த நிலையில் நிறுத்துவதும் நிறுத்தாமல் இருப்பதும், வெளியிடும் மணியைக் கேட்கிறவர் கையில் ஓரளவு இருக்கிறது.

வெளிநாட்டில் இதைவிடப் பெரிய அமளி நடந்திருக்கிறது. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிற்றூரில், ஒரு கடைவாசல் பூத்தொட்டி அருகே யாரோ எதையோ சொருகுவதைப் பார்த்தவர்கள் காவல் துறைக்குச் சொல்லிவிட்டார்கள். தெருவை மூடி, வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்து, அந்தப் பொருளை வெடிக்க வைத்தார்கள். கடைசியில் பார்த்தால் ஜியோகேச் பெட்டி. அது நடந்தது பட்டப்பகலில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பகல் என்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. அக்கம்பக்கத்தாருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

நான் வைக்க நினைத்திருக்கும் பெட்டிக்கு வருகிறேன். ரஹாங்கைச் சுற்றி இன்று தாமான்களாக நிற்கும் இடங்களில் ஒரு காலத்தில் ரப்பர் நிரைகள் இருந்தன. என் பாட்டி பால் வெட்டிய தோட்டமும் அதில் ஒன்று. லயம் போய்விட்டது. பெரட்டுக்களம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மிஞ்சியது ஒரு சின்ன அம்மன் கோயிலும், அதன் பின்புறம் ஒரு தூங்குமூஞ்சி மரமும். ஆடி மாதத் திருவிழாவுக்கு மட்டும் பழைய தோட்டத்து ஆள்கள் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பிள்ளை குட்டிகளோடு வந்து சேர்கிறார்கள். பெரியவர்கள் ‘இங்கேதான் ஆயாக்கொட்டகை’ என்று கைநீட்டுகிறார்கள். பிள்ளைகள் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். சரி, அந்தக் கைப்பேசிக்குள்ளேயே அந்த இடத்தை வைத்துவிடலாமே என்பதுதான் என் கணக்கு.

கோயில் தலைவரிடம் பேசியாயிற்று. மரத்தடி கோயில் நிலம்தான், தாராளமாக வை என்றார். ‘பெட்டி விவரத்தில் திருப்பணி நிதியைப் பற்றியும் ரெண்டு வரி போட்டுடுப்பா’ என்றும் சொன்னார். அங்கேதான் இடிக்கிறது. பெட்டியின் பக்கத்தில் வியாபாரம், நன்கொடை, சமயப் பிரசாரம், அரசியல் எதுவும் கூடாது. அந்த இரண்டு வரியைச் சேர்த்து அனுப்பினால் சரிபார்ப்பாளர் நிச்சயம் திருப்பி அனுப்புவார். நான் மாற்றி எழுத வேண்டும், அவர் மறுபடி பார்க்க வேண்டும். ஒரு வாரம் போய்விடும். தேதி கேட்டு வாங்குவது பெரும்பாலும் கோட்டைவிடப்படுவது இப்படிப்பட்ட இடங்களில்தான் என்பது என் எண்ணம். கேட்கிறவர் தேதியைக் குறித்துக்கொள்கிறார், கேள்வி வராத அளவுக்கு வேலையை முடிப்பதில்லை. தலைவரிடம் விளக்கிச் சொன்னேன். தோட்டத்தின் பெயர், லயங்கள் நின்ற வரிசை, பெரட்டு மணி அடித்த நேரம் ஆகியவற்றை மட்டும் எழுதுவதாக ஒப்புக்கொண்டோம். அவரே இன்னும் நான்கு தகவல் சொன்னார்.

அடுத்த கேள்வி, நாள். திருவிழா அன்றே வெளியாக வேண்டும் என்று தலைவருக்கு ஆசை. எனக்குச் சம்மதமில்லை. தீமிதிக்கு வந்த கூட்டத்தின் நடுவே, சாமி கும்பிட வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, யாரோ ஒருவர் கோயில் பின்புற வேரில் கைவிட்டுத் துழாவினால் பார்க்க எப்படி இருக்கும்? வெதர்பி கதை ஞாபகம் இருக்கட்டும். அதைவிட, யாராவது ஒரு சிறுவன் பெட்டியைப் பார்த்துவிட்டு அதோடு வீட்டுக்குப் போய்விடுவான். அதனால் முந்தின வாரத்துச் சனிக்கிழமை என்று முடிவு. தேடுகிறவர்கள் வந்து போய்விடுவார்கள், குறிப்பேட்டில் நாலைந்து பெயர் ஏறியிருக்கும். திருவிழாவுக்கு வரும் பிள்ளைகள் அதைப் பிரித்துப் பார்க்கும்போது, தங்கள் தாத்தா வாழ்ந்த இடத்தை முன்பின் தெரியாத ஒருவர் தேடி வந்திருக்கிறார் என்பது கையெழுத்தாகவே இருக்கும்.

மணி காலை 8. நம் ஊரில் ஏழேகாலுக்கெல்லாம் நன்றாக விடிந்துவிடும், எட்டு மணிக்கு மரத்தடி வேர் வரை வெளிச்சம் இருக்கும். கோயிலில் காலைப் பூசை முடிந்து பூசாரி இருப்பார். யார் வந்து தேடினாலும் அவருக்கு விவரம் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. செனவாங் தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் நம் இளைஞர்கள் வீடு திரும்பும் நேரம் அது. எப்போதும் அலுவலக வேலைக்காரர்களுக்குத் தோதான நேரத்தில்தான் எல்லாம் நடக்கின்றன. ஒரு முதல் வரியாவது அவர்களுக்கு வாய்க்கட்டுமே.

கேட்கும் முறை எளிது. பதிவுப் பக்கத்தில், சரிபார்ப்பாளர் மட்டும் படிக்கிற குறிப்பு என்று ஒரு பகுதி உண்டு. பெட்டி வெளியானதும் அந்தக் குறிப்பு மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. அதில் தேதி, கிழமை, மணி மூன்றையும் எழுத வேண்டும். ‘மலேசிய நேரம்’ என்ற இரண்டு சொல்லை மறக்கக் கூடாது. சரிபார்ப்பாளர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. தளத்தின் தலைமையகம் இருக்கும் சியாட்டில் நமக்கு 15 மணி நேரம் பின்னால், அங்கே குளிர்காலத்தில் 16. வெறும் ‘சனிக்கிழமை 8 மணி’ என்று எழுதினால் அது யாருடைய எட்டு மணியோ.

எவ்வளவு முன்பாக அனுப்புவது? பெட்டி அன்றி ஒரு சந்திப்பையே அறிவிக்க விரும்பினால் குறைந்தது 14 நாள் முன்பே பதிய வேண்டும் என்பது விதி. தேதி கேட்கும் பெட்டிக்கும் அதே இரண்டு வாரத்தை நான் வைத்துக்கொள்கிறேன்: ஏழு நாள் அவர் பார்ப்பதற்கு, மீதி ஏழு நாள் கேள்விகளுக்கு. மாதக்கணக்கில் முன்னாலும் அனுப்பக் கூடாது. இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்தவரைத் தடுப்பதாகிவிடும். ஆகஸ்டு மாதம் இன்னும் கவனம் தேவை. மூன்றாவது சனிக்கிழமை உலக ஜியோகேச்சிங் தினம், 31-ஆம் தேதி நம் சுதந்திர தினம். ஆளாளுக்குத் தேதி கேட்கும் காலம் அது.

ஒன்று மட்டும் சங்கடம். பதியும்போதே பெட்டி அதன் இடத்தில் இருக்க வேண்டும். வெளியாகும் வரை இரண்டு வாரம் நம் மழையில் அது நனைய வேண்டும். புல்வெட்டுகிறவர் கண்ணில் பட்டாலும் படலாம். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் நேரே மரத்தடிக்குப் போய், மூடியைத் திறந்து குறிப்பேடு காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாற்றி வைக்க ஒரு புதுக் குறிப்பேட்டையும் பையில் எடுத்துக்கொள்ள வேண்டும். நிலத்துச் சம்மதக் கடிதத்தில் தலைவர் நாளை கையெழுத்துப் போடுகிறார். பூசாரிக்குத் தனியாக விவரம் சொல்லியாயிற்று. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: ‘எட்டு மணின்னா சரியா எட்டுக்கே வந்துடுவாங்களா? நான் அப்போ நைவேத்தியம் வச்சுக்கிட்டு இருப்பேனே.’ எட்டரை என்று மாற்றி எழுதிவிட்டேன்.