பெரிய மூலக்கோப்புகளும் நிரல்பெயர்ப்பி முறிவும்

கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி, பிழையற்ற நிரலிலும் சில வேளைகளில் பாதியில் நின்றுவிடுவதுண்டு. மூலக்கோப்பு மிகப் பெரியதாக இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். புதிதாகக் கற்போர் இதைத் தம் நிரலின் தவறு எனக் கருதிச் சரியான வரிகளையும் மாற்றிவிடுகின்றனர். எனவே, திருத்தும் முன் நின்ற காரணத்தை அறிவது தேவை.

காரணம்

நிரல்பெயர்ப்பி, கோப்பில் உள்ள கூறுகளை மர வடிவில் நினைவகத்தில் அமைத்துக்கொள்கிறது. நிரலை விரைவாக்கும் உகப்பாக்கத்தின்போது நினைவகத் தேவை மேலும் கூடும். சி++ மொழியின் வார்ப்புருக்களும் மிகப் பெரிய அணிகளும் இத்தேவையைப் பன்மடங்காக்கும்.

எடுத்துக்காட்டு

எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள் ஒன்றிணைக்கப்பட்டு, 2 இலட்சம் வரிகளைத் தாண்டிய ஒரே சி கோப்பாக வழங்கப்படுகின்றன. முழு நிரலையும் ஒருசேரக் காண்பதால் உகப்பாக்கம் சிறக்கும். ஆயினும் சில வழுநீக்கிகள் 32,767 வரிகளுக்கு மேல் கையாள்வதில்லை. அதனால் அதே நிரல் சிறு கோப்புகளாகப் பிரித்தும் தரப்படுகிறது.

அறிகுறிகள்

* "கில்டு" என்ற செய்தி: லினக்ஸில் நினைவகம் தீர்ந்ததால் கருனியே நிரல்பெயர்ப்பியை நிறுத்தியிருக்கலாம். டிமெஸேஜ் எனப்படும் "டிஎம்இஎஸ்ஜி" கட்டளை இதை உறுதிப்படுத்தும்.
* "இன்டர்னல் கம்பைலர் எரர்": மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே வரியில் நின்றால், அது பெரும்பாலும் நிரல்பெயர்ப்பியின் வழு. வெவ்வேறு இடங்களில் நின்றால், நினைவகச் சில்லின் பழுதையோ மிகை வெப்பத்தையோ ஐயுறலாம்.
* "சி1128": மைக்ரோசாப்டின் விசுவல் சி++ காட்டும் இப்பிழை, இலக்குக் கோப்பின் பிரிவுகள் வரம்பை மீறியதைக் குறிக்கும். "பிக்ஆப்ஜ்" விருப்பத்தேர்வு அவ்வரம்பை உயர்த்தும்.

தீர்வுகள்

"மேக்" கருவி 8 பணிகளை ஒரே நேரத்தில் இயக்கினால், 8 நிரல்பெயர்ப்பிகள் நினைவகத்துக்குப் போட்டியிடும். எனவே முதலில் பணிகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துப் பார்க்கலாம். அதுவும் போதாதெனில், அந்தக் கோப்புக்கு மட்டும் உகப்பாக்க நிலையைக் குறைக்கலாம். இடமாற்று நினைவகத்தைக் கூட்டலாம். 32 பிட் நிரல்பெயர்ப்பி 4 கிகாபைட்டுக்கு மேல் முகவரியிட இயலாது. அதற்குப் பதிலாக 64 பிட் பதிப்பைப் பயன்படுத்தலாம்.

இவை தற்காலிக உதவிகளே. கோப்பைப் பொருள்வாரியாகப் பிரிப்பதும், பெரிய தரவு அட்டவணைகளைத் தனிக் கோப்பில் வைத்து நிரல் இயங்கும்போது படிப்பதும் நிலையான தீர்வாகும். அவ்வாறு பிரித்தால், ஒரு வரியை மாற்றும்போது முழு நிரலையும் மீண்டும் பெயர்க்க வேண்டியதில்லை.