பதினோராவது நாள்

2005-ல் வாஷிங்டன் நகரப் போலீஸும் எஃப்.பி.ஐ.யும் சேர்ந்து ஒரு நீதிபதியிடம் வாரண்ட் வாங்கின. அந்த ஊரில் இரவு விடுதி நடத்திவந்த ஆன்ட்வான் ஜோன்ஸ் என்பவர் கொக்கைன் கடத்துகிறார் என்று சந்தேகம். அவருடைய மனைவி பெயரில் இருந்த ஜீப் கிராண்ட் செரோக்கி வண்டியில் ஜி.பி.எஸ். கருவி பொருத்திக்கொள்ள நீதிபதி அனுமதி தந்தார். நிபந்தனை இரண்டுதான். பத்து நாட்களுக்குள் பொருத்திவிட வேண்டும். வாஷிங்டன் எல்லைக்குள்ளேயே பொருத்த வேண்டும். போலீஸ் பொருத்தியது பதினோராவது நாளில். அதுவும் பக்கத்து மாநிலமான மேரிலாந்தில், ஒரு பொது வாகன நிறுத்துமிடத்தில், வண்டியின் அடிப்பாகத்தில்.

அடுத்த 28 நாட்கள் அந்தக் கருவி வேலை செய்தது. வண்டி எங்கே இருக்கிறது என்பதை 50 முதல் 100 அடி வித்தியாசத்துக்குள் கணித்து, செல்போன் வழியாக அரசாங்கக் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. இடையில் பேட்டரி மாற்ற வேண்டி வந்தது. வண்டி வேறொரு நிறுத்துமிடத்தில் நின்ற நேரம் பார்த்து மாற்றிவிட்டுப் போனார்கள். நான்கு வாரத்தில் சேர்ந்த தகவல் 2,000 பக்கங்களைத் தாண்டியது. அந்தப் பக்கங்கள்தான், 97 கிலோ கொக்கைனும் எட்டரை லட்சம் டாலர் ரொக்கமும் பிடிபட்ட ஒரு வீட்டோடு ஜோன்ஸை முடிச்சுப் போட்டன. 2008-ல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனபோது வாரண்ட் காலாவதியாகிவிட்டதை அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டது. ஆனால் இந்தக் காரியத்துக்கு வாரண்டே தேவையில்லை என்று வாதிட்டது. என்னை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். நீதிபதி கேட்டவுடன் மறுத்திருந்தால், அல்லது மாதக்கணக்கில் இழுத்தடித்திருந்தால், போலீஸின் பொறுமையின்மையைப் புரிந்துகொள்ளலாம். இங்கே அனுமதி கைக்கு வந்திருந்தது. நாள் கடந்துவிட்டது என்று திரும்பிப் போய் இன்னொரு முறை கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அதைச் செய்யாமல், குடிமக்கள் யாருடைய வண்டியிலும், எத்தனை நாளைக்கு வேண்டுமானாலும், யாரையும் கேட்காமல் கருவி பொருத்தலாம் என்ற அதிகாரத்தையே கோரியது அரசு.

அரசின் வாதம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். சாலை எல்லோருக்கும் பொது. அங்கே போகும் வண்டியை யாரும் பார்க்கலாம். யாரும் பார்க்கக்கூடியதைப் போலீஸ் பார்த்தால் மட்டும் என்ன தப்பு? இதற்கு 1983-ம் வருடத்து நாட்ஸ் வழக்கைத் துணைக்கு அழைத்தார்கள். போதைப்பொருள் தயாரிக்கப் பயன்படும் குளோரோஃபார்ம் டிரம்முக்குள் ஒரு பீப்பரை வைத்து, மின்னசோட்டாவிலிருந்து விஸ்கான்சினில் உள்ள ஒரு காட்டு வீடுவரை போலீஸ் தொடர்ந்துபோன வழக்கு அது. பீப்பர் என்பது வெறும் ரேடியோ சமிக்ஞை. அதைக் கேட்க வேண்டுமானால் யாராவது வண்டி ஓட்டிக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். அந்த வழக்கிலேயே சமிக்ஞை நடுவில் தொலைந்துபோய், ஹெலிகாப்டரின் உதவியோடு மறுபடி கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு பயணத்துக்கு இத்தனை பாடு. அதைச் சரி என்று சொன்ன உச்ச நீதிமன்றமே, இருபத்துநாலு மணி நேரமும் எவரையும் வலைவீசிக் கண்காணிக்கும் காலம் வந்தால் அதை அப்போது தனியாகப் பார்ப்போம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனது.

அந்தக் காலம் வந்துவிட்டது என்று முதலில் தெளிவாகச் சொன்னவற்றில் ஒன்று நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம். 2009-ல் அதன் முன் வந்த வழக்கில், ஒருவருடைய வேனின் பம்பருக்கு அடியில் போலீஸ் கருவி வைத்து 65 நாள் தொடர்ந்திருந்தது. ஒரு வண்டியின் தடத்தை இப்படிச் சேர்த்துவைத்தால் என்னென்ன வெளியே வரும் என்று நீதிபதிகள் பட்டியல் போட்டார்கள். மனநல மருத்துவரிடம் போனது, கருக்கலைப்பு மருத்துவமனைக்குப் போனது, எய்ட்ஸ் சிகிச்சை மையம், கிரிமினல் வக்கீலின் அலுவலகம், தொழிற்சங்கக் கூட்டம், மசூதி அல்லது சர்ச். இவற்றில் எதுவுமே குற்றம் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் தேதி, நேரத்தோடு வரிசையாக அடுக்கினால், கட்டிய மனைவிக்கும் பெற்ற தாய்க்கும் தெரியாத ஒரு மனிதன் போலீஸ் கணினியில் கிடைப்பான். ஜோன்ஸ் வழக்கின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2010-ல் இதையேதான் சொன்னது. ஒருவரை ஒரு தெருவில் ஒரு முறை பார்ப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஒரு மாதம் முழுக்க அவர் போன எல்லா இடத்தையும் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது.

இதே கேள்வியை நம் நாடு 1962-லேயே சந்தித்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் ஒரு கொள்ளை வழக்கில் ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்டவர். இருந்தும் போலீஸ் அவர்மீது சரித்திரப் பதிவேடு திறந்தது. ராத்திரியில் வந்து கதவைத் தட்டுவார்கள். வெளியூர் போவதானால் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று கிராமக் காவல்காரரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்தத் தகவல் அவர் போகும் ஊரின் காவல் நிலையத்துக்குப் போகும். செயற்கைக்கோள் இல்லை என்பதைத் தவிர வேறென்ன குறை? உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் ராத்திரிக் கதவுத்தட்டலை மட்டும் ரத்து செய்தார்கள். பின்தொடர்வதால் எந்த உரிமையும் பாதிக்கப்படவில்லை என்றார்கள். நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டார். உடம்பு நடமாடலாம், ஆனால் ஒவ்வொரு அசைவும் பார்க்கப்பட்டுக் குறித்துக்கொள்ளப்படும்போது அந்த நடமாட்டம் சுதந்திரமான நடமாட்டம் ஆகாது என்பது அவருடைய வாதம். அவர் பக்கமே நியாயம் இருந்தது என்பதை நம் உச்ச நீதிமன்றம் ஏற்க 2017 ஆகஸ்ட் வரை, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜோன்ஸ் வழக்குக்குத் திரும்புவோம். 2011 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அரசு வக்கீலை நேராகவே கேட்டார்: எங்கள் கார்களிலும் இப்படிக் கருவி பொருத்தி ஒரு மாதம் தொடரலாம் என்கிறீர்களா? பொதுச் சாலையில் போகும்வரை, ஆம் என்பதுதான் வக்கீலின் பதில். அந்த ஒரு பதிலுக்குப் பிறகு அரசுத் தரப்பு தேறவே இல்லை என்று நினைக்கிறேன்.

2012 ஜனவரி 23-ம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். முடிவில்தான் ஒருமனம், காரணத்தில் இல்லை. ஐந்து பேர் சார்பாக எழுதிய ஆன்டனின் ஸ்காலியா, வண்டி ஒருவரின் உடைமை, தகவல் திரட்டுவதற்காக அதில் அரசு கை வைத்தாலே அது சோதனைதான் என்று முடித்துக்கொண்டார். நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் 1791-ல் ஏற்கப்பட்ட காலத்தில் ஒரு காவலர் குதிரை வண்டிக்குள் ஒளிந்துகொண்டு போவதைப் போல என்றார். நீதிபதி சாமுவேல் அலிட்டோ இதை ஏற்கவில்லை. அதற்கு ராட்சத வண்டி வேண்டும், இல்லையென்றால் மிகச் சின்ன காவலர் வேண்டும் என்றார். அவர் சொன்ன அடுத்த விஷயம்தான் இந்தத் தீர்ப்பிலேயே ஆழமானது. கணினிக்கு முந்தைய காலத்தில் மனிதர்களின் அந்தரங்கத்தைக் காத்தது சட்டத்தைவிட நடைமுறைச் சிரமம்தான். ஒருவரை நான்கு வாரம் விடாமல் பின்தொடர வேண்டுமானால் ஆட்கள் வேண்டும், பல வண்டிகள் வேண்டும், மாற்று ஷிஃப்ட் வேண்டும். மிகப் பெரிய வழக்கு என்றால் ஒழிய எந்த மேலதிகாரியும் அதற்குச் செலவு செய்யமாட்டார். அந்தச் செலவுதான் சாதாரண ஜனங்களுக்கு மதில் சுவராக நின்றது. ஜி.பி.எஸ். அதை இடித்துவிட்டது. இடிந்த இடத்தில் சட்டம் வந்து நிற்காவிட்டால் வேறு எதுவும் நிற்கப்போவதில்லை.

செலவு இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்குத் தீர்ப்பு வெளியான பிறகு தெரியவந்த ஒரு விவரம் போதும். தீர்ப்பால் எஃப்.பி.ஐ. மட்டுமே சுமார் 3,000 கருவிகளை அணைக்க வேண்டியதாயிற்று என்று அதன் தலைமைச் சட்ட ஆலோசகர் ஒரு கருத்தரங்கில் சொன்னார். அணைத்தபின் சில கருவிகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல், மீட்டெடுப்பதற்காகக் கொஞ்ச நேரம் இயக்க நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டியிருந்ததாம்.

அப்படிப்பட்ட ஒரு கருவியைத் தற்செயலாகப் பார்த்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த 20 வயதுக் கல்லூரி மாணவர். 2010 அக்டோபரில் ஆயில் மாற்றக் காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். காரை மேலே தூக்கி நிறுத்தியபோது பின்பக்கம் தொங்கிய ஒரு ஒயர் கண்ணில் பட்டது. மெக்கானிக் இழுத்தார். காந்தத்தால் ஒட்டியிருந்த கருவி கையோடு வந்தது. நண்பர் அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டு, இது என்ன என்று கேட்டார். இரண்டு நாளில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வீடு தேடி வந்தார்கள். வந்தது மன்னிப்புக் கேட்க அல்ல. கருவியைத் திருப்பிக் கேட்க. அந்த மாணவர் அமெரிக்காவில் பிறந்தவர். அப்பா எகிப்திலிருந்து வந்தவர். அவர்மீது எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை. அந்த ஒயர் தொங்காமல் இருந்திருந்தால் அவருக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. வாரண்ட் இல்லாத கண்காணிப்பில் பெரும்பாலானவர்களின் கதி இதுதான்: நீதிமன்றம் போக வேண்டுமானால் முதலில் நடந்தது தெரிய வேண்டுமே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே 2010-ல் ஆரிகன் மாநிலத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில், விடியும் முன்னே வீட்டு முன்பாதையில் நின்ற ஜீப்பில் கருவி பொருத்தியதைச் சரி என்றது ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம். பேப்பர் போடும் பையனும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளும் வந்துபோகும் பாதைதானே, போலீஸும் வரலாம் என்பது காரணம். அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி அலெக்ஸ் கொஸின்ஸ்கி இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். இரும்புக் கதவும் காவலாளியும் வைத்துக்கொள்ள வசதி உள்ளவர்களுக்கு அந்தரங்கம் உண்டு. வாசலைத் திறந்துபோட்டு வாழும் ஏழைக்குக் கிடையாது என்று ஆகிறதே என்றார். ஏழைகள் யாரும் அந்த நீதிபதி நாற்காலிக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்து எழுதினார். வாரண்ட் என்ற ஏற்பாட்டின் அருமை இங்கேதான். அது மதில் உயரத்தைப் பார்ப்பதில்லை.

வாரண்ட் கேட்டுக்கொண்டு நின்றால் குற்றவாளி தப்பிவிடுவான் என்பது போலீஸ் தரப்பின் நிரந்தர ஆட்சேபம். உயிருக்கு ஆபத்து மாதிரியான அவசரங்களுக்கு அமெரிக்கச் சட்டத்தில் விலக்கு உண்டு. தொலைபேசியிலேயே வாரண்ட் வாங்கவும் வழி உண்டு. பாக்கி இருப்பது சந்தேகத்துக்கு என்ன காரணம் என்று எழுதிக் கொடுக்கும் சிரமம் ஒன்றுதான். எழுதிக் கொடுக்கக் காரணம் இல்லாதபோது தொடரவும் காரணம் இல்லை.

ஜோன்ஸ் அதோடு வெளியே வந்துவிடவில்லை. தண்டனை ரத்தாகி மறு விசாரணை நடந்தபோது அரசு அவருடைய செல்போன் கோபுரத் தகவல்களைக் கொண்டுவந்தது. ஜூரி ஒத்துப்போகாமல் அதுவும் முறிந்தது. 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 15 வருடத் தண்டனை ஏற்றார். செல்போன் விவகாரம் கார்ப்பென்டர் வழக்காக உச்ச நீதிமன்றம் வந்தது. ஒருவருடைய 127 நாள் நடமாட்டம், 12,898 இடப் பதிவுகள், வாரண்ட் இல்லாமல் செல்போன் நிறுவனங்களிடமிருந்து வாங்கப்பட்டிருந்தது. இங்கே யாரும் யாருடைய உடைமையிலும் கை வைக்கவில்லை. ஸ்காலியாவின் காரணம் இதற்குப் பொருந்தாது. 2018-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான் வாரண்ட் வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. காரை விட்டு இறங்கிவிடுகிறோம், போனை விட்டு இறங்குவதில்லை என்பதை ராபர்ட்ஸ் சரியாகவே பிடித்திருந்தார்.

நம் உச்ச நீதிமன்றமும் 2024 ஜூலையில் ஒரு நல்ல காரியம் செய்தது. ஜாமீனில் வருபவர் தன் இருப்பிடத்தை கூகுள் மேப்பில் விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்கு விரோதம் என்று நீதிபதிகள் ஓகாவும் புயானும் நீக்கினார்கள். கேட்டவர் போதைப்பொருள் வழக்கில் சிக்கிய ஒரு வெளிநாட்டவர். ஜோன்ஸ் போலவே, யாருடைய அனுதாபத்துக்கும் உரியவராக இல்லாத ஒருவர் வழியாகத்தான் இந்தப் பாதுகாப்பு நமக்கு வந்தது.

அமெரிக்காவில் இப்போது பிரச்சினை அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. போன் செயலிகள் திரட்டும் இருப்பிடத் தகவல்களைத் தரகு நிறுவனங்கள் விற்கின்றன. அரசுத் துறைகள் காசு கொடுத்து வாங்குகின்றன. விலைக்கு வாங்கியதற்கு வாரண்ட் எதற்கு என்பது அவர்கள் வாதம். எஃப்.பி.ஐ.யும் முன்பு வாங்கியிருக்கிறது என்று அதன் அப்போதைய இயக்குநர் கிறிஸ்டோபர் ரே 2023 மார்ச்சில் செனட் குழுவிடம் ஒப்புக்கொண்டார். இந்த வழியை அடைக்கும் மசோதா 2024 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் 219-க்கு 199 என்று நிறைவேறியது. செனட் அதை வாக்கெடுப்புக்கே எடுத்துக்கொள்ளவில்லை.