மூக்குக்குப் போட்ட மாத்திரை

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று பல் டாக்டர் கேட்டார். "சுகர், பிரஷர் ஒண்ணும் இல்லை டாக்டர்" என்றேன். விடியற்காலைத் தும்மலுக்காக ஆறு வருடமாக ராத்திரி ஒரு அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் அட்டை அட்டையாக வாங்குவதை யார் மருந்துக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

நான் சொல்லாததை வாய் சொல்லிவிட்டது. உள்ளே விட்ட சின்னக் கண்ணாடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டு, இழுத்தால்தான் வந்தது. நாக்குக்கு அடியில் தேங்கியிருக்க வேண்டிய எச்சிலைக் காணோம். ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் வரிசையாக மூன்று சொத்தை.

தும்மலைக் கிளப்பும் ஹிஸ்டமினைத் தடுப்பதுதான் இந்த மாத்திரைகளின் வேலை. ஆனால் குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் அதோடு நிற்பதில்லை. எச்சில் சுரக்கச் சொல்லி நரம்பு அனுப்பும் உத்தரவையும் மறித்துவிடும். ஒழுகும் மூக்கு காய்வதே பாதி அதனால்தான். செட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் வகைகள் வந்தபின் இந்தத் தொல்லை குறைந்தது, அடியோடு போய்விடவில்லை. சளிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் இன்றும் அந்தப் பழைய ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

சும்மா இருக்கையில் நிமிடத்துக்குச் சுமார் 0.3 மில்லி எச்சில் ஊற வேண்டும். 0.1-க்குக் கீழே போனால் வறட்சிதான். இனிப்பு தின்ற சில நிமிடங்களில் பல்லில் படிந்த கிருமிகள் அமிலத்தைக் கக்கும், பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். அதைக் கழுவி, முறித்து, கரைந்த கால்சியத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது எச்சில். தூக்கத்தில் அது எப்படியும் குறைவு. அடைத்த மூக்கோடு வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மாத்திரையும் போட்டுப் படுத்தால் விடியும்வரை பல்லுக்குக் காவல் இல்லை. என் பங்குக்கு நானும், வாய் உலர்கிறதே என்று பையில் புளிப்பு மிட்டாய் வைத்திருந்தேன். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம் என்றார். காது மூக்குத் தொண்டை டாக்டர் எனக்கு மூக்கு ஸ்பிரேவுக்கு மாற்றிக் கொடுத்தார். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர், ஃப்ளூரைடு பேஸ்ட், மிட்டாய்க்குப் பதில் சர்க்கரை இல்லாத சூயிங்கம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையென்றால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும். மேல் கடைவாய்ப் பற்கள் மொத்தமாக வலித்தால், சைனஸாகவும் இருக்கலாம். பல்லைப் பிடுங்கச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள்.

குழந்தைகளுக்கு வேறு விதமான ஆபத்து. அலர்ஜி சிரப்புகள் பலவும் சர்க்கரைப் பாகு. பல் தேய்த்துவிட்டுப் படுக்கையில் கிடக்கும் பிள்ளைக்கு, "ஆ காட்டு" என்று ஒரு மூடி ஊற்றிவிட்டு விளக்கை அணைக்கிறோம். சிரப்பை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் பிரஷ்ஷை எடுக்கலாம்.