எஃப்.சி. இருக்கிறது, பிரேக் இருக்கிறதா?

கார்த்திகை தீபம் நெருங்குகிறது. அதற்குள் எஃப்.சி.யை முடித்துவிட வேண்டுமே என்ற பதைப்பு, அடி அண்ணாமலைப் பக்கத்து வேன்காரர்களின் கடிதங்களில் தெரிகிறது. கூடவே ஒரு குழப்பமும்: "எஃப்.சி. ஆன வண்டிக்கு எதற்குப் பிரேக் ஆயில் மாற்றச் சொல்கிறார்கள்?"

எட்டு வயது தாண்டிய வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் வாங்கும் அந்தத் தகுதிச் சான்றுத் தாள், ஆண்டு முழுவதற்கும் உத்தரவாதம் அல்ல. சோதித்த அன்றைக்குத் தேறியது, அவ்வளவே. ரோலர் எந்திரத்தில் ஏற்றினாலும் அது அளப்பது சில நொடிப் பிடியை. அதுவும் ஆறிக் கிடக்கும் பிரேக்கில். மலைமேலுள்ள ஜமுனாமரத்தூரிலிருந்து ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு வளைவுக்கு வளைவு மிதித்து இறங்கும்போது நடப்பது வேறு.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாக ஈரம் மெல்ல ஏறும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்கிறது தரவிதி. 3.7 சதவீத நீர் சேர்ந்த பிறகு அதே விதி கேட்பது 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230, 155. மலை இறக்கத்தில் லைனிங்கின் சூடு வீல் சிலிண்டருக்கு ஏறி, உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த மிதியெல்லாம் ஆவியை நசுக்குவதிலேயே தீர்ந்து, பெடல் தரைக்குப் போகிறது.

என்னை உறுத்துவது இதற்குப் பிறகு நடப்பது. வண்டியை ஓரங்கட்டி ஆறவிட்டால் ஆவி மீண்டும் திரவமாகிவிடும், பெடல் பழையபடி நிற்கும். பட்டறைக்காரர் மிதித்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல, நல்லாத்தானே இருக்கு" என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. அதே வண்டி மறுநாள் எஃப்.சி.க்குப் போனாலும் தேறிவிடும்!

நிறம் பார்த்து ஈரத்தைச் சொல்ல முடியாது. டப்பாவில் குறைந்ததை மேலே ஊற்றுவதும் பயன்படாது. சக்கரத்தருகே இருக்கும் பழைய ஆயில் அங்கேயே தங்கிவிடும். பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நான்கு சக்கரத்திலும் பிளீடிங் செய்து முழுதாக மாற்ற வேண்டும். பட்டறை அலமாரியில் எப்போதோ திறந்து வைத்த பாதி பாட்டிலை வாங்காதீர்கள். அதுவும் ஈரம் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

மற்ற கேள்விகள்:

இறக்கத்தில் எஞ்சினை அணைத்தால்? பூஸ்டர் போய், சில மிதிகளில் பெடல் கல்லாகும். ஓடவிட்டு, சின்ன கியரில் இறங்குங்கள்.

ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் போகலாமா? ஸ்டாண்டும் சக்கரத்துக்குக் கட்டையும் இல்லாமல் கூடாது.

பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதலாமா? வேண்டாம், பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம்.

பட்டன் தேயாத பழைய டயர்? பக்கவாட்டு எண்ணைப் பாருங்கள். 2315 என்றால் 2015-ன் 23-வது வாரம், மாற்றுங்கள்.

அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றினால்? ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும். ஒரு சொட்டும் கூடாது.