பாட்டே இல்லாத தமிழ்ப் படம்... தெரியுமா?

தரங்கம்பாடி என்றாலே அலைகள் பாடும் ஊர் என்றுதான் பொருள்! டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை முன்னால் நின்றால் இரவும் பகலும் அந்தப் பாட்டு கேட்கும். பக்கத்து மயிலாடுதுறையோ எம்.கே. தியாகராஜ பாகவதர் பிறந்த மண். பாட்டுக்காகவே படம் பார்த்து வளர்ந்த சீமை இது. அப்படியிருக்க, ஒரு பாட்டுகூட இல்லாத தமிழ்ப் படம் 1954-லேயே வந்துவிட்டது, தெரியுமா? ஏவி.எம்.மின் ‘அந்த நாள்’!

● பாட்டு மட்டுமா இல்லை? நடனமும் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை!

● இயக்கியவர் யார் தெரியுமா? வீணை மேதை எஸ். பாலசந்தர்! குரு இல்லாமல் தானே வீணை கற்றுத் தேர்ந்தவர். விரல் நுனியில் ராகங்களை வைத்திருந்த அந்த மனிதர்தான், 27 வயதில், பாட்டே வேண்டாம் என்றார்!

● படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது, நாயகன் சாகிறான்! அந்த நாயகன் நம் தஞ்சைச் சூரக்கோட்டைக் குடும்பத்துச் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’ வந்து இரண்டே வருஷம். அதற்குள் இப்படியொரு துணிச்சல்!

● மனைவி, தம்பி, தம்பி மனைவி, காதலி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஐந்து பேர்மேல் சந்தேகம். ஆளாளுக்கு ஒரு கதை! துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன்தான் படத்துக்கு எழுதியவரும்!

● கதை நடப்பது 1943 அக்டோபரில், சென்னைமீது ஜப்பான் குண்டு போட்ட சமயத்தில். அது நிஜமாகவே நடந்தது! ஒரே சம்பவத்தைப் பலர் வாயால் சொல்லும் உத்திக்குத் தூண்டுதலும் ஜப்பானிலிருந்துதான்: அகிரா குரோசாவாவின் ‘ராஷோமான்’!

● நிழலும் குற்றமும் நிறைந்த அமெரிக்கப் படங்களுக்குக் ‘கறுப்புப் படம்’ என்ற பொருளில் ‘ஃபிலிம் நுவார்’ என்று 1946-இல் பெயர் வைத்தவர்கள் பிரெஞ்சு விமர்சகர்கள். அவற்றில் தலைசிறந்த ‘டபுள் இன்டெம்னிட்டி’ ஏழு ஆஸ்கார் பரிந்துரை பெற்றும் ஒரு விருதுகூட வாங்கவில்லை! ‘அந்த நாள்’ படத்துக்கும் முதல் வெளியீட்டில் வசூல் இல்லை. ஆனால் விமர்சகர்கள் கொண்டாடினார்கள், தேசிய விருதில் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. தமிழின் முதல் நுவார் என்று இன்றும் போற்றப்படுகிறது!

கொன்றது யார்? சொல்லவே மாட்டேன்! ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். அலை பாடும் ஊரிலிருந்து சொல்கிறேன்: பாட்டு எங்கே என்று ஒரு தடவைகூடத் தேட மாட்டீர்கள்!