தே ஒன்று… சீனி எவ்வளவு?

பினாங்கு, ஜோர்ஜ்டவுன். காலை ஏழு மணி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நகைக்கடைகள் இன்னும் கதவு திறக்கவில்லை. நாணயம் மாற்றும் கடைக்காரர் பூட்டைக் குனிந்து திறந்துகொண்டிருக்கிறார். ஒட்டுக்கடையில் மட்டும் கூட்டம். "அண்ணே, தே தாரிக் சத்து!", "தே ஓ கோசோங்!", "தே சி, கூராங் மானிஸ்!" என்று தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் ஒரே மொழியில்தான் கேட்கிறார்கள். அது மலாயா, தமிழா, ஹொக்கியனா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தேத்தண்ணீர்க் கடைக்கென்று இந்நாட்டில் உருவான தனி மொழி அது.

அந்த மொழி நமக்குப் பிறந்தது முதல் பழக்கம். ஆனாலும் அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் கோப்பைக்குள் என்ன பொருள் என்று கேட்டால் பலர் தடுமாறுகிறோம். "கூராங் மானிஸ்" என்று சொல்லிவிட்டால் சீனிக்குத் தப்பிவிட்டோம் என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். அது எவ்வளவு உண்மை என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் 'தே' என்ற சொல். சீனாவின் ஃபுஜியான் கரையோரத்து மக்கள் தேயிலையைத் 'தே' என்றார்கள். அந்தத் துறைமுகங்களோடு வாணிபம் செய்த டச்சுக்காரர்கள் அச்சொல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயரின் 'டீ' அதிலிருந்து வந்தது. சீனாவின் மற்றப் பகுதிகளில் வழங்கிய 'சா' வேறு வழிகளில் பயணப்பட்டு, வட இந்தியாவில் 'சாய்' ஆகி, கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் 'சாயா' ஆனது. தமிழின் 'தேயிலை'யில் முதலில் நிற்கும் எழுத்து அந்த ஃபுஜியான் சொல்தான். பினாங்குச் சீனர்களில் பெரும்பாலோர் பேசும் ஹொக்கியன் அந்தக் கரையின் மொழி. ஆகவே இந்தச் சாலையில் ஒரு தமிழரும் ஒரு ஹொக்கியன் சீனரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் 'தே' கேட்கும்போது, வெவ்வேறு கடல்வழியாக வந்த ஒரே சொல்லைத்தான் இருவரும் சொல்கிறார்கள். 'தே ஓ'வில் உள்ள 'ஓ' கூட ஹொக்கியன்தான். கறுப்பு என்று பொருள்.

இந்தச் சாலைக்கு முன்பு பிட் ஸ்திரீட் என்று பெயர். அக்கால பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட் நினைவாக வைத்தது. மூத்தவர்கள் சிலர் இன்னமும் அப்படித்தான் சொல்கிறார்கள். தமிழ் முஸ்லிம் சமூகத்தின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801-இல் நிறுவிய பள்ளிவாசலே சாலைக்கு இன்றைய பெயரைத் தந்தது. ஒரு முனையில் செயிண்ட் ஜோர்ஜ் தேவாலயம், அடுத்து குவான் யின் கோயில், பக்கத்துக் குயின் ஸ்திரீட்டில் மகா மாரியம்மன் ஆலயம், கூப்பிடு தூரத்தில் சூலியா ஸ்திரீட்டின் நாகூர் தர்கா. இத்தனை வழிபாட்டுத் தலங்களும் அடுத்தடுத்து இருப்பதால் இதை 'நல்லிணக்கச் சாலை' என்கிறார்கள். தலங்கள் அருகருகே நிற்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காருவது தேத்தண்ணீர்க் கடையில்தான் என்பது என் எண்ணம்.

நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' போன்ற கப்பல்களில் வந்திறங்கிய தமிழர்கள் தேநீர்ப் பழக்கத்தோடு வந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். நம் முன்னோரின் காலை ஆகாரம் நீராகாரமும் கஞ்சியும். தமிழகத்தில் முதலில் காப்பிதான் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் புகுந்தது. தேநீர் உழைப்பாளிகளின் பானமாகப் பின்னால் பரவியது. 1930-களில் இந்தியத் தேயிலை விற்பனையை விரிவாக்க ஏற்பட்ட வாரியம், ஊர் ஊராகச் சென்று இலவசமாகத் தேநீர் போட்டுக் கொடுத்தே மக்களைப் பழக்கியது. அதே காலத்தில் அசாமில் ஒரு புது இயந்திரம் வந்தது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி, சிறு குருணைகளாக்கும் சி.டி.சி. முறை அது. இலைத் தேயிலையைவிட வேகமாகச் சாயம் இறங்கும், விலையும் குறைவு. பாலும் சீனியும் சேர்த்தாலும் தேநீரின் குணம் அமுங்கிப் போகாது. இன்று ஒட்டுக்கடைத் துணிச் சல்லடையில் இருப்பது பெரும்பாலும் அந்த வகைத் தூள்தான்.

மலேசிய மண்ணில் விளைந்த தேயிலைக்கும் நம்மவர் வியர்வை உண்டு. ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929-இல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் செடி நட்டவர்களிலும் கொழுந்து பறித்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். இப்போது அந்தச் சரிவுகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். நாடு குடிக்கும் அளவுக்கு நாட்டில் விளைவதில்லை என்பதால் தேயிலையை இறக்குமதியும் செய்கிறோம்.

இனி பால். இதில்தான் பினாங்குக்குத் தனிப்பெருமை, அல்லது தனிப்பழி. ஆங்கிலோ சுவிஸ் கண்டென்ஸ்ட் மில்க் கம்பெனி 1912-இல் இந்நாட்டில் தன் வணிகத்தைத் தொடங்கிய இடம் பினாங்கு. அதுதான் இன்றைய நெஸ்லே மலேசியா. குளிர்பெட்டி இல்லாத காலம், வெப்ப நாடு, பசுவின் பால் காலையில் கறந்தால் மதியத்துக்குள் திரிந்துவிடும். டின் பாலோ மாதக்கணக்கில் கெடாது. காரணம், அதில் போடும் சீனி. ஊறுகாய்க்கு உப்பு எப்படியோ, டின் பாலுக்குச் சீனி அப்படி. ஆகவே கெட்டியான அந்த இனிப்பு நம் நாக்கின் விருப்பத்துக்காகப் போட்டதல்ல. பால் கெடாமல் இருக்கப் போட்டது. நாக்கு பிறகு அதற்குப் பழகிக்கொண்டது. இப்போது பல கடைகளில் ஊற்றுவது பால்கூட அல்ல. டின்னைத் திருப்பிப் படித்தால் 'கிரிமர் மானிஸ்' என்றிருக்கும். பாலின் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்ந்தது அது.

அந்தக் கெட்டிப் பால் கிளாஸின் அடியில் தங்கிவிடும், கரண்டியால் கலக்கினாலும் முழுதாகக் கரையாது. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைநீளம் உயர்த்தி ஊற்றினால் மூன்று வேலை ஒரே நேரத்தில் நடக்கும். பால் நன்றாகக் கலக்கும், சூடு குடிக்கும் பதத்துக்கு இறங்கும், காற்று புகுந்து நுரை கட்டும். பாலின் புரதம் அந்த நுரையைக் கலையாமல் பிடித்து வைக்கும். தேநீரின் துவர்ப்பையும் அதே புரதம் ஓரளவு கட்டிப்போடுவதால் வாயில் வழுவழுப்பாக இறங்கும். நம் பாட்டிமார் பாலையும் காப்பியையும் இப்படித்தான் ஆற்றித் தந்தார்கள். தமிழர் நடப்பதைச் சொன்னார்கள், 'ஆற்றுதல்' என்று. மலாய்க்காரர் கண்ணில் பட்டதைச் சொன்னார்கள், 'தாரிக்', அதாவது இழுத்தல் என்று. கடையில் நிலைத்தது இரண்டாவது பெயர். நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் அடங்கிய மலேசியப் பசியாறல் பண்பாட்டை யுனெஸ்கோ 2024-இல் தன் பட்டியலில் சேர்த்தது.

இனி அந்தச் சொற்களுக்கு வருவோம். வெறும் 'தே' என்று கேட்டால் டின் பால் ஊற்றிய தேநீர் வரும். 'தே ஓ' பால் இல்லாதது, ஆனால் சீனி உண்டு. 'தே சி' என்பது இனிப்பில்லாத டின் பால், அதாவது நீர் வற்றவைத்த பால் சேர்ந்தது. கார்னேஷன் என்ற பெயரின் முதலெழுத்திலிருந்து அந்த 'சி' வந்தது என்பர் சிலர், ஹைனானியச் சொல் என்பர் வேறு சிலர். 'கோசோங்' என்றால் வெறுமை, சீனி வேண்டாம். 'காவ்' என்றால் சாயம் கெட்டியாக. 'ஹாலியா' இஞ்சி. 'தே சூசு லெம்பு' பசும்பால் தேநீர், இதை இந்தியர் கடைகளில் கேட்கலாம்.

இப்போது 'கூராங் மானிஸ்'. 'தே தாரிக் கூராங் மானிஸ்' என்றால் கடைக்காரர் தனியாகச் சீனியைக் குறைக்க வழியில்லை. பாலிலேயே சீனி இருக்கிறது. அவர் செய்யக்கூடியது டின் பாலைக் குறைப்பதுதான். எவ்வளவு குறைப்பார் என்பது அவர் கையின் பழக்கம். ஒரு கிளாஸில் இரண்டு மேசைக் கரண்டி டின் பால் விழுகிறது என்று வையுங்கள். சுமார் 40 கிராம். அதில் ஏறத்தாழ 18 கிராம் சேர்த்த சீனி, நான்கு தேக்கரண்டிக்கு மேல். காலை, பத்து மணி, மாலை என மூன்று கிளாஸ் குடித்தால் 54 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் உச்ச வரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 கிராம், அதிலும் பாதியாகக் குறைத்தால் நல்லது என்கிறது. சோற்றுக்கும் பலகாரத்துக்கும் போகும் முன்பே கணக்கு முடிந்துவிட்டது. ஐஸ் போட்டது இன்னும் மோசம். குளிர்ச்சியில் இனிப்பு நாக்குக்கு மங்கலாகத் தெரியும் என்பதால் அதிகமாகவே ஊற்றுவார்கள்.

இதை ஏன் இவ்வளவு கறாராக எழுதுகிறேன் என்றால், 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ஒரு மேசையில் மூன்று பேர் உட்கார்ந்தால் அதில் ஒருவர் என்று எண்ணிப் பாருங்கள். தே தாரிக் மட்டுமே இதற்குக் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் நாள்தோறும் நம் கையில் இருக்கும் கிளாஸ் அது. அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் போத்தலிலும் டின்னிலும் வரும் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. ஒட்டுக்கடையில் கண்முன் கலக்கும் தேநீருக்கு அந்த வரி கிடையாது. அதற்கு வரி போடவும் வேண்டாம், சொல்லைச் சரியாகச் சொன்னால் போதும். பால் வேண்டும், சீனி வேண்டாம் என்பவருக்கு 'தே சி கோசோங்' இருக்கிறது. முதல் நாலைந்து நாள் நாக்கு முறுக்கிக்கொள்ளும். பிறகு தேயிலையின் ருசி தெரிய ஆரம்பிக்கும். சீனியின் ருசிக்குள் அது இத்தனை நாள் ஒளிந்திருந்தது.

பெண்களுக்கு இன்னொரு செய்தி. அதே ஆய்வில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் மூன்று பேருக்கு இரத்தசோகை. கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் தடுக்கும். சாப்பாட்டோடு குடித்தால் பாதிக்கு மேல் குறையக்கூடும், பால் சேர்த்தாலும் அது சரியாகிவிடாது. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு தே ஓ என்ற வழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் போதும், விட வேண்டியதில்லை.

பால், சீனி இரண்டையும் ஒதுக்கிவிட்டால் தேயிலை உலகம் பெரியது. பச்சை, ஊலோங், கறுப்பு என எல்லாம் ஒரே செடியின் இலைகள். பறித்த இலையைக் காற்றுபட எவ்வளவு நேரம் விடுகிறார்கள் என்பதே வித்தியாசம். பச்சைத் தேயிலையை உடனே சூடுகாட்டி நிறுத்திவிடுவார்கள், கறுப்பை முழுதாகக் கருக்கவிடுவார்கள், ஊலோங் நடுவழியில் நிற்கும். கொதிநீர் கறுப்புக்குச் சரி. பச்சைத் தேயிலைக்குக் கொதி அடங்கி 80 பாகை அளவுக்கு இறங்கிய நீர் வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். நம்மவர் பலர் பச்சைத் தேயிலையை ஒருமுறை குடித்துவிட்டு முகம் சுளித்து விட்டுவிட்டதற்குத் தேயிலை காரணமல்ல, கெட்டில்தான் காரணம்.

சீனர் கடைகளில் 'லியூபாவ்' என்ற தேயிலை கிடைத்தால் விசாரித்துப் பாருங்கள். குவாங்சி மாநிலத்தில் விளைந்து, பதப்படுத்திய பின்னும் ஆண்டுக்கணக்கில் முதிரவைப்பது. பேராக் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களுக்காக ஒரு காலத்தில் மலாயாவுக்குக் கப்பல் கப்பலாக வந்தது. பால்மரத் தோட்டத்தில் நம்மவர் கட்டங்காப்பி குடித்துக்கொண்டிருந்த அதே நாள்களில் சுரங்கத்தில் அவர்கள் இதைக் குடித்தார்கள். மழை பெய்த மண்ணின் வாசனை வரும், கசப்பு இராது.

என் நண்பர் ஒருவர், இதே சாலைப் பக்கம் முப்பது ஆண்டுகளாகத் தே தாரிக் குடித்தவர். சென்ற ஆண்டு மருத்துவர் சொன்ன பிறகு 'தே சி கோசோங்'குக்கு மாறினார். முதல் நாள் கடைக்கார அண்ணன் கேட்டும் கேட்காதது போல் பழைய தேயையே கொண்டுவந்து வைத்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நண்பர் எழுந்து அடுப்படிக்கே போய்ச் சொன்னார். இப்போதெல்லாம் அவர் தலை சாலைத் திருப்பத்தில் தெரிந்ததும் உள்ளே குரல் போகிறது: "மாமாவுக்குத் தே சி, கோசோங், காவ்!"