உலர்திராட்சையை ஏன் தேநீரில் ஊறவைக்கிறார்கள்?

அயர்லாந்தில் அக்டோபர் 31-க்குச் சுடும் ‘பார்ம்பிராக்’ என்ற பழ ரொட்டிக்கு உலர்திராட்சையைக் கடுந்தேநீரில் இரவு முழுக்க ஊறப்போடுவது வழக்கம். மணத்துக்காக மட்டுமல்ல. பழவேற்காட்டில் கருவாடு போடும் இடத்தில் ஒருமுறை நின்று பார்த்தால் காரணம் விளங்கும். மீனில் உப்பைத் தடவியதும் உள்ளிருக்கும் நீர் கசிந்து வெளியே வரும். கரைசல் எந்தப் பக்கம் அடர்த்தியோ அந்தப் பக்கம் நீர் நகர்கிறது. இதுதான் சவ்வூடு பரவல்.

உலர்திராட்சையில் நீர் சுமார் 15 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி சர்க்கரை. காய்ந்தபடியே போட்டால் மாவின் ஈரத்தைக் குடித்துவிடும், ரொட்டி வறண்டு உதிரும். முன்பே வயிறு நிறைந்த திராட்சை மாவைத் தொல்லை செய்யாது.

ஈஸ்டுக்கும் இதே சோதனை உண்டு. சர்க்கரை கூடினால் அதன் செல்களிலிருந்து நீர் வெளியேறும்; கரியமில வாயு குறையும்; மாவு உப்ப நேரமாகும். நம் கடற்கரை வெக்கை அந்தத் தாமதத்தைக் கொஞ்சம் ஈடுகட்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு பேக்கிங் பவுடர் இருக்கவே இருக்கிறது.

அதே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய திராட்சை ரொட்டி ‘புருடர்’ என்ற பெயரில் கொச்சியிலும் இலங்கையிலும் பிழைத்திருக்கிறது. இங்கே மிஞ்சியவை கோட்டைச் சிதைவும் கல்லறைகளும்தான்!

ரொட்டி சுட ஓவன் இல்லையா? கனத்த சட்டியில் மணல் பரப்பி, மேலே தாங்கி வைத்து, மூடிச் சூடாக்குங்கள். ரொட்டித் தட்டை உள்ளே இறக்கி, சிறுதீயில் வேகவிடுங்கள். ஆறிய பிறகு வெட்டுங்கள்; சூட்டோடு வெட்டினால் கத்தியில் பிசுபிசுவென ஒட்டும்.